காரை விட்டு இறங்காதவள்

எங்கள் ஊரில் விருந்தாளிகளுக்குக் காட்ட மலையும் இல்லை, கடலும் இல்லை. பள்ளம் இருக்கிறது. டவுன்ஷிப்பின் நேரான சாலைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தரை சட்டென்று நின்றுவிடும். அதற்குக் கீழே படிப்படியாக இறங்கும் செம்மண், அதற்கும் கீழே வெளிறிய மண், அடியில் நிலக்கரி. என் கணவர் கருப்பசாமி அந்தச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தார். விருதுநகரிலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும் முதல் நாள் சாயங்காலமே காரில் ஏற்றிக்கொண்டு பள்ளத்தைச் சுற்றப் போய்விடுவார். எந்த இடத்தில் நின்றால் மண் வெட்டும் பெரிய சக்கரம் முழுதாகத் தெரியும், எங்கே நின்றால் சூரியன் புகைபோக்கிகளுக்கு நடுவில் இறங்கும், மழை பெய்த மறுநாள் எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

நானும் கூடப் போவேன். ஆனால் காரை விட்டு இறங்க மாட்டேன். கல்யாணமான புதிதில் ஒரு முறை எட்டிப் பார்த்துத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். முதலில் பயம். பிறகு பழக்கம். கடைசியில் அது ஒரு வீம்பாகவே ஆகிவிட்டது. பின் சீட்டில் முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்து ஜன்னலில் குனிவார். "ஆதி, இன்னைக்குத் தூசியே இல்ல, அக்கரை வரைக்கும் தெரியுது" என்பார். நான், "சரி, முறுக்கு எடுத்துக்கோங்க" என்பேன்.

பத்து வருஷத்துக்கு மேல் எங்கள் பேச்சு இப்படித்தான் இருந்தது.

அவர் போனது ஒரு வியாழக்கிழமை, காலை ஷிஃப்டில். பெல்ட் ஓரமாக நடந்து வந்தவர், "நெஞ்சு என்னமோ பண்ணுது" என்று சொல்லிவிட்டு மண்ணில் உட்கார்ந்திருக்கிறார். கூட இருந்தவர் கொளஞ்சிநாதன். வளையமாதேவிப் பக்கத்துக்காரர், அவருக்குத் தம்பி மாதிரி. தண்ணீர் எடுக்க ஓடித் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யாருடைய தவறும் இல்லை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் அது நடந்திருக்கும் என்றார் டாக்டர்.

துக்கம் கேட்க வந்த அன்று கொளஞ்சிநாதன் என்னிடம் ரகசியமாக ஒன்று சொன்னார்.

"அண்ணன் உக்காந்த எடத்துல ஒரு பழைய டிரம்முக்குச் சுண்ணாம்பு அடிச்சு நிறுத்தி வச்சிருக்கோம் அண்ணி. நாங்கல்லாம் போறப்ப வர்றப்ப கும்புட்டுக்கினு போறோம்."

அன்றிலிருந்து அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே நினைப்புதான். மூச்சு நின்ற மண்ணை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும். பிறகு எதுவும் கேட்க மாட்டேன். ஆனால் என் நாத்தனார் நாகம்மாள் மதினி வாசலில் கையைக் குறுக்கே வைத்தாற்போல நின்றார். "பதினாறு கழியாம நீ வாசப்படி தாண்டக் கூடாது. எடம் எங்க போயிரப் போகுது? அங்கனதான இருக்கும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இடம் எங்கே போகும்?

இருபத்தெட்டு வருஷம் சுரங்கத்துக்காரரோடு குடித்தனம் செய்தவள் நான். அங்கே இடம்தான் முதலில் போகும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதினாறாம் நாள் சடங்கு பகல் பன்னிரண்டுக்கு முடிந்தது. பந்தி நடந்துகொண்டிருந்தது. இலையைத் தொடாமல் எழுந்து வந்த கொளஞ்சிநாதன் பின்பக்கத்துத் துளசி மாடத்தருகே என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணி, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மெஷின் அந்த மூலைக்கு வந்துடுச்சு. சாயங்காலத்துக்குள்ள வெட்டிடும்."

"எதை வெட்டிடும்?"

"அண்ணன் உக்காந்த எடத்தை."

துளசி மாடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்தச் சொல்லுங்க."

"நிறுத்த முடியாது அண்ணி. ரெண்டாவது ஷிஃப்ட்டு சுதாகர்தான் மெஷின்ல. நம்ம பையன். அந்த மூலைய கடைசியா வெட்டறேன்னு சொல்லிக்கினு இருக்கான். நாலு, நாலரை வரைக்கும் தாங்கும். அவ்ளோதான் அவனால முடியும்."

"என்னை உள்ள கூட்டிட்டுப் போங்க."

"குடும்பத்துக்குப் பாஸ் எழுதிக் குடுத்தா முறைப்படி மூணு நாலு நாள் ஆவும்." அவர் தரையைப் பார்த்தார். "மேல இருந்து பாக்கலாம். அண்ணன் சொந்தக்காரங்களக் கூட்டிக்கினு போவாரே, அந்த மாதிரி ஒரு எடம். அங்கெல்லாம் உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும் என்றேன்.

மதினி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் செருப்பைத் தேடியபோது எதிரில் வந்து நின்றார். "இன்னைக்கு உன்ன வெளிய நாலு பேரு பாக்கக் கூடாது ஆதி. நாளைக்குப் போ."

"நாளைக்கு அங்க ஒண்ணும் இருக்காது மதினி. நீங்கதான இடம் எங்க போகும்னு சொன்னீங்க? போகுதாம்."

என் குரல் பந்தி வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். பரிமாறிக்கொண்டிருந்த என் மகள் சண்முகப்ரியா சாம்பார் வாளியோடு அப்படியே நின்றாள். மதினி கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் தலையில் போர்த்தினார்.

"நானும் வாரேன். தனியாப் போனாள்னு ஒருத்தனும் பேசப்படாது."

என் கணவருடைய காரைக் கொளஞ்சிநாதன் ஓட்டினார். நானும் மதினியும் பின்னால். முன் சீட்டின் பைக்குள் அவர் மடித்து வைத்த கைக்குட்டை இருந்தது. மணி ஒன்றே முக்கால்.

முதலில், எல்லோரும் போகிற, கம்பி கட்டிய இடத்துக்குப் போனோம். அன்று நான் இறங்கினேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தேன். கண்ணுக்கு எட்டிய வரை மண். நடுவில் எறும்பு மாதிரி லாரிகள்.

"எங்க?"

"அந்த மேட்டுக்குப் பின்னாடி அண்ணி. இங்கேர்ந்து மறைக்குது. கிழக்க போவணும். அண்ணனுக்குப் புடிச்ச எடம் ஒண்ணு இருக்குமே, அது எந்தப் பக்கம்?"

"புளியமரம். அதுக்கு எதிர்ல இடிஞ்ச பஸ் ஸ்டாப்."

"எந்த ரோட்டுல?"

எந்த ரோடு என்று எனக்குத் தெரியவில்லை. காரின் பின் சீட்டிலிருந்து என்ன தெரியுமோ அதுதான் எனக்குத் தெரியும். மரத்தின் நிழல் எப்போது கார்க் கண்ணாடியை விட்டு நகரும் என்று தெரியும். பஸ் ஸ்டாப் சுவரில் என்ன விளம்பரம் எழுதியிருந்தது என்று தெரியும். பள்ளம் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் தெரியாது.

"முந்திரித் தோப்பு வரும். அப்புறம் ஒரு அய்யனார். அப்புறம் ஒரு திருப்பம், அங்க எப்பவும் தலை இடிக்கும்" என்றேன்.

"தலை இடிக்கற ரோடா?" கொளஞ்சிநாதன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "அப்ப நம்ம பஞ்சாயத்து ரோடு எல்லாத்திலயும் தேடணும்."

மதினி கையை ஓங்கினார். "சிரிக்கிற நேரமாய்யா இது?"

"சிரிக்கலங்கம்மா. அழுதா ரோடு தெரிய மாட்டேங்குது."

மூன்று தோப்புகளுக்குள் புகுந்து திரும்பினோம். ஓர் அய்யனார் கிடைத்தது. அது வேறு அய்யனார். இன்னொரு பாதை மண் கரையில் முட்டி நின்றது. மணி மூன்று. சுதாகருக்குப் போன் போகவில்லை. அவர் எத்தனை முறை ஜன்னலில் குனிந்து சொல்லியிருப்பார்! ஒரு முறையாவது "இது எந்த ஊர்" என்று கேட்டிருந்தால் இப்போது வழி சொல்லியிருப்பேன்.

பிறகு அந்தத் திருப்பம் வந்தது. கார் குலுங்கியது, என் தலை கதவில் இடித்தது. "இதுதான், இதுதான்" என்று கத்தினேன். கொளஞ்சிநாதன் வேகத்தைக் கூட்டினார். நூறு அடி தாண்டியதும் சாலை இல்லை. முள்கம்பி, அதற்குப் பின்னால் வெட்டவெளி.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் புளியமரம் எங்கே என்று கேட்டேன்.

"எந்தப் புளியமரம்? பஸ்ஸ்டாண்டு மரமா? அது போயி எட்டு மாசமாச்சே. மரம் இருந்த எடத்துல இப்ப ஆகாசந்தான் இருக்குது" என்று கம்பிக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினார்.

எட்டு மாதமாக அவர் என்னை அங்கே கூட்டி வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்கவும் இல்லை நான்.

அந்தப் பெண்மணியே வழியும் சொன்னார். தோப்பைச் சுற்றிக்கொண்டு போனால் ஆடுகள் ஏறும் ஒரு மேடு இருக்கிறதாம். காரை விட்டுவிட்டு ஓடினோம். மதினிக்கு மூட்டு வலி; என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மேட்டில் ஏறியபோது மணி நாலு பத்து.

கீழே எல்லாம் தெரிந்தது. பெரிய சக்கரம் முழுதாகத் தெரிந்தது. அது சுற்றி மண்ணை அள்ளுவதும், மண் பெல்ட்டில் விழுவதும் தெரிந்தது. அவர் இதைத்தான் அத்தனை பேருக்கும் காட்டியிருக்கிறார்.

"டிரம் எங்க?"

கொளஞ்சிநாதன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். நகர்ந்து நின்று பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, சுதாகர். டவரே இல்ல, அதான் போன் பண்ண முடியல. டிரம்ம எடுத்து ஓரமா வச்சுட்டேன்ணே. இதுக்கு மேல புடிச்சு வைக்க முடியல. இப்பத்தான், அஞ்சு நிமிஷம் ஆவுது. கும்புட்டுத்தாண்ணே வெட்டுனேன். அண்ணி வந்துட்டாங்களா?"

கொளஞ்சிநாதன் போனை அணைத்தார்.

நான் அந்த மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. ஒரு சத்தம் வந்தது, அது என்னிடமிருந்து வந்தது என்பதே எனக்குத் தெரியவில்லை. மதினி என் முதுகில் அடித்தார். "தம்பி, ஏ தம்பி" என்று பள்ளத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். பிறகு தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். "பாவி நாந்தான் தடுத்தேன். பதினாறு நாளும் நாந்தான் தடுத்தேன்."

கொளஞ்சிநாதன் மட்டும் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு எதையோ எண்ணியது. திடீரென்று திரும்பினார்.

"அண்ணி, எழுந்திருங்க. அந்த மண்ணு போயிடல. போய்க்கினு இருக்குது."

"என்ன சொல்றீங்க?"

"மெஷின் வெட்டுன மண்ணு பெல்ட்டுல ஏறி, அக்கரையில டம்ப்புல, அந்த மண்மேட்டுல போயிக் கொட்டும். ஏழு கிலோமீட்டரு. இருபத்தஞ்சு நிமிஷம். நானும் அண்ணனும் அந்தப் பெல்ட்டுலதானே கெடந்தோம், எனக்குத் தெரியாதா? அஞ்சு நிமிஷம் போச்சு. இன்னும் இருபது இருக்குது."

ஏழு கிலோமீட்டர் பெல்ட்டுக்கு. சாலைக்குப் பதினாறு. கார் மந்தாரக்குப்பம் ரோட்டில் ஏறியதும் ஷிஃப்ட் பஸ்கள் இரண்டு குறுக்கே. கொளஞ்சிநாதன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மதினி முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "ஓரமாப் போடா, ஓரமாப் போடா" என்று பஸ் டிரைவரை வைதுகொண்டே வந்தார். நான் காரின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலைக்கு அப்பால் அவ்வப்போது பெல்ட் தெரிந்தது. அதன் மேல் சிவப்பாக ஒரு கோடு நிற்காமல் ஓடியது. அவர் கடைசியாக உட்கார்ந்த மண் அதில் எங்கேயோ எங்களோடு போட்டி போட்டு வந்துகொண்டிருந்தது. அதற்குச் சிக்னல் இல்லை, பஸ் இல்லை.

பழைய மண்மேட்டின் அடிவாரத்தில் பாதை முடிந்தது. அதில் முந்திரியும் சவுக்கும் நட்டு, மலை மாதிரி ஆகியிருந்தது. சொந்தக்காரர்களோடு அவர் இங்கேயும் வந்திருக்கிறார். இந்த அடிவாரத்தில் நான் காருக்குள் தூங்கியிருக்கிறேன்.

ஏறினோம். மதினியைக் கொளஞ்சிநாதன் பாதி தூக்கிக்கொண்டு வந்தார். எதிரே, அடுத்த மேட்டின் மேல், நீளமான கையை நீட்டியபடி ஒரு இயந்திரம் நின்றது. அந்தக் கையின் நுனியிலிருந்து மண் கொட்டிக்கொண்டிருந்தது.

"நாலு நாப்பது" என்றார் கொளஞ்சிநாதன் மூச்சிரைக்க. "இருபத்தஞ்சு நிமிஷம் தாண்டிடுச்சு."

"அப்ப விழுந்துடுச்சா?"

"விழுந்திருக்கும். இல்ல, விழுந்துக்கினு இருக்கும். நடுவுல ஒரு பெல்ட்டு நின்னிருந்தா இனிமே வரும். தெரியல அண்ணி." அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "சத்தியமா எனக்குத் தெரியல. தண்ணி எடுக்கப் போனதும் இப்படித்தான். ரெண்டு நிமிஷந்தான் தாமதம்."

நான் மேட்டின் நுனிக்குப் போனேன். தலை சுற்றியது, சுற்றட்டும் என்று விட்டேன். மண் விழுந்தது. சிவப்பு, அப்புறம் கொஞ்சம் வெளிறல், மறுபடி சிவப்பு. விழுந்த மண் ஏற்கனவே விழுந்ததன் மேல் சரிந்து கலந்தது. எது அவர் மண் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பிடியையும் விட்டுவிடக் கூடாது என்று கண் இமைக்காமல் பார்த்தேன். கண்ணில் தூசி நிறைந்து நீர் வழிந்தபோதும் துடைக்கவில்லை. துடைக்கிற நேரத்தில் அது விழுந்துவிட்டால்?

மதினி தரையில் உட்கார்ந்து, விழுகிற மண்ணைப் பார்த்துக் கையெடுத்தார்.

"இன்னும் எம்புட்டு நேரம் கொட்டும் தம்பி?" என்று கேட்டார்.

"ஷிஃப்ட்டு முடியற வரைக்கும் கொட்டும்மா. பத்து மணி. அப்புறம் அடுத்த ஷிஃப்ட்டு."

"வீட்டுல ஆளுக காத்திருப்பாக" என்றார் மதினி. ஆனால் எழுந்திருக்கவில்லை.

கொளஞ்சிநாதன் காருக்குப் போய்த் தண்ணீர் பாட்டில் எடுத்து வந்தார். இந்த முறையும் ஓடினார், ஓடித் திரும்பினார். நான் வாங்கிக்கொண்டேன். குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு, எதிர் மேட்டில் விழுகிற மண்ணைப் பார்த்தபடி நின்றேன்.