கேட்டைத் தாண்டாத அழைப்பு

1

இந்தக் கதை பிறந்தது என் தங்கை வீட்டு இரும்பு கேட் அருகில். முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘அலைகளால் ஆனது இப்பிரபஞ்சம், அதில் மனிதன் ஒரு…’

(அடித்துவிட்டேன். பிரபஞ்சத்தில் கிளம்புகிற கதை கேட்டுக்கு வந்து சேர்வதற்குள் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.)

2

தங்கை கணவர் செல்போன் கம்பெனியில் இன்ஜினியர். வீட்டு வைஃபையில் பேசியபடியே தெருவில் இறங்குகிறீர்கள். பேச்சு அறுந்துபோகாமல் டவருக்குக் கைமாற வேண்டும். அதற்கு விதி எழுதுவது அவர் வேலை. விதி எளிது: டவரை உறுதியாகப் பிடித்த பிறகே வைஃபையை விட வேண்டும். இதையே அவர் சொன்னால் முக்கால் மணி நேரம் ஆகும்.

உட்கார்ந்து பேச அவருக்கு வராது. சாதாரணப் பேச்சுக்கு ஹால் போதும். கருத்து கனத்தால் வராந்தா. ‘தடையற்ற’ என்ற சொல் வந்துவிட்டால் தெருதான்.

அவருடைய பிரிவை மூடப்போகிறார்கள். அன்று வேறொரு கம்பெனியின் நேர்காணல், போனில். இந்த வேலை கிடைத்தாக வேண்டும். நான் சோபாவில் பார்வையாளன்.

3

“தடையற்ற சேவைதான் சார் நம்ம கொள்கை. கைமாறும்போது ஒரு சொல்கூட விழாது,” என்றபடி கேட்டைத் தாண்டினார். அழைப்பே விழுந்தது.

(நம்ப மாட்டீர்கள். நானும் கேட்டை மாடிப்படியாக்கி எழுதிப் பார்த்தேன். நிஜமே இவ்வளவு மட்டமாக ஜோக்கடித்தால் கற்பனை என்ன செய்யும்?)

முந்தின நாள் ஒரு சோதனைக்காக, ‘கடைசி மூச்சுவரை வைஃபையை விடாதே’ என்று தன் போனில் அவரே மாற்றி வைத்திருந்தார். திரும்ப மாற்ற மறந்துவிட்டார்.

“ஏங்க, ஒரே எடத்துல உக்காந்து பேசினா என்னவாம்?” என்றாள் தங்கை.

“உக்காந்தா எனக்கு யோசனை ஓடாது.”

“இப்ப யோசனை ஓடுது, லைன்தான் நின்னுபோச்சு.”

“மாப்ளே, உங்க விதி இன்னிக்கு லீவா?” என்றேன், சோபாவை விட்டுக் கேட்டருகே வந்து.

“மச்சான், சும்மா இருங்க.”

ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

போன் மறுபடி அடித்தது. அவர்கள்தான்.

4

முடிவு ஒன்று: “வேணும்னேதான் சார் விழ வச்சேன். ஒரு டெமோ.” எனக்குப் பழகிய மாப்பிள்ளை. வேலை நிச்சயம் கிடைக்கும். இந்தத் திறமையைத்தானே மேல்பதவிக்குத் தேடுகிறார்கள்.

முடிவு இரண்டு: “சோதனைக்கு வச்சத மாத்த மறந்துட்டேன் சார். என் தப்புதான்.” நடக்காமல், நின்ற இடத்தில் நின்று. வேலை கிடைக்குமா, தெரியாது. தங்கை அவரைப் பார்க்கிற பார்வை மட்டும் மாறும். ஆனால் இப்படிப் பேசுகிறவரைக் கிண்டலடித்து நான் எப்படிப் பிழைப்பது? ஆகவே இரண்டாவது முடிவை

(வாக்கியத்தை அடிக்கக் கை வரவில்லை. முடிக்கவும் வரவில்லை.)

5

அவருடைய விதி எனக்கும் பொருந்தும். நீங்கள் ஒரு முடிவை உறுதியாகப் பிடித்த பிறகே நான் கதையை விடுவேன். அவசரமில்லை என்று சொல்ல ஆசைதான்; கேட்டில் ஒரு கை, போனில் ஒரு கை, அவர் நிற்கிறார்; மணி அடிக்கிறது.

பிடித்துவிட்டீர்களா?