பத்து மணிக் கேள்வி

பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, எல்டன் ஹாகன் தன்னைத் தானே வேலையை விட்டு நீக்கிக்கொண்டார். வேண்டுமென்று செய்யவில்லை. அட்டவணைதான் செய்தது. அட்டவணையைப் போட்டவர் அவர் என்பது மட்டும்தான் சங்கடம்.

ஹால்வர் லேக் பள்ளி மாவட்டத்தின் மனிதவள இயக்குநர் அவர். மினசோட்டாவின் வடக்கு மூலையில் மூன்று பள்ளிகள், எண்ணூற்றுச் சொச்சம் பிள்ளைகள். இத்தனைக்கு ஒரு மனிதவள இயக்குநர் எதற்கு என்று ஊரில் பலரும் நினைத்ததுண்டு. வடக்கு மினசோட்டாக்காரர்கள் என்பதால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. நிர்வாக அலுவலகத்தில் இரண்டு பதவிகளைக் குறைக்க வேண்டும், எவற்றைக் குறைப்பது என்று ஒரு வியூகத் திட்டத்தோடு வாருங்கள் என்றது பள்ளி வாரியம். வியூகத் திட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எல்டனுக்கு முகம் மலர்ந்துவிடும். மூன்று நாள் உட்கார்ந்து யோசித்து, நூறு கேள்விகள் தேவைப்படுகிற இடத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தார்: 'இந்தப் பதவியில் இருப்பவர் நாளை காலை வரவில்லை என்றால், பத்து மணிக்குள் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?' யாருக்குமே தெரியாது என்றால் பூஜ்யம். எல்லோருக்கும் தெரியும் என்றால் ஐந்து.

கேள்வி அவருக்கு அத்தனை பிடித்துப்போயிற்று. அட்டவணையை நிரப்புவதற்கு முன்பே வாரியத்துக்கும் ஆசிரியர் சங்கத்துக்கும் அனுப்பிவைத்தார். ஒளிவுமறைவில்லாத நிர்வாகம். இரண்டு தரப்பும் எதையாவது ஒருமனதாக ஏற்றுக்கொண்டது, அவர் இயக்குநரான ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகுதான் நிரப்ப உட்கார்ந்தார்.

பேருந்துகளை அனுப்புகிறவர் ஐந்து. சமையலறைத் தலைவி மிர்னா ஐந்து. கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஐந்து போதாது. வெளியே மைனஸ் முப்பது என்றால் பத்து மணிவரை எந்தப் பிள்ளையும் காத்திருக்காது. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொலைபேசியை எடுத்து, யார் வகுப்புக்கு யார் மாற்று ஆசிரியர் என்று ஆள் பிடிக்கும் அலுவலகச் செயலர் ஆர்லிஸும் ஐந்து. செய்தித் தொடர்பாளர் ஒன்று. அவர் எப்படியும் ஜூனில் ஓய்வு பெறுகிறார். மனிதவள இயக்குநர்...

எல்டன் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஆர்லிஸைக் கூப்பிட்டார்.

"இந்த வரியைக் கொஞ்சம் சரிபாருங்க, ஆர்லிஸ்."

அறுபத்தேழு வயது ஆர்லிஸ் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "பூஜ்யம். இதுல சரிபார்க்க என்ன இருக்கு?"

"பத்து மணின்னு போடாம பத்து மாசம்னு போட்டிருந்தா எனக்கு அஞ்சு வந்திருக்கும்."

"வந்திருக்கும். நீ போடலையே."

"நான் வரலைன்னா உங்களுக்காவது தெரியும்ல?"

"ஏன் தெரியாது? காபி மிஞ்சும்."

மாவட்டப் பள்ளிகளுக்கெல்லாம் தலைமையான கண்காணிப்பாளர் ரெனே டூஃபோ இந்தச் செய்தியை எடுத்துக்கொண்ட விதம் எல்டனுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அந்த அம்மாள் அவ்வளவு நிம்மதியாக இருந்தார்.

"உங்களுக்கென்ன எல்டன், கவலையே இல்ல. பதினாறு வருஷம் கணக்குப் பாடம் எடுத்திருக்கீங்க. சீனியாரிட்டி அப்படியே இருக்கு. ஏப்ரல் ஒண்ணுக்குள்ள ஒரு கையெழுத்து. வகுப்புக்குத் திரும்பிடலாம்."

அதுதான் இந்த ஊர்ப் பள்ளிகளின் வழக்கம். மேலே இருப்பவருக்கு இடம் போனால், தான் முன்பு எடுத்த பாடத்துக்கு அவர் இறங்கி வரலாம். அவர் இறங்கினால் அந்தப் பாடத்தில் கடைசியாகச் சேர்ந்தவர் வெளியேற வேண்டும். யாரும் யாரையும் வெறுத்துச் செய்வதில்லை. பணிமூப்புப் பட்டியல் தன்பாட்டுக்குச் செய்யும்.

எல்டன் தன் அறைக்கு வந்து பட்டியலைத் திறந்தார். கணிதம், ஐந்து பேர். தன் பெயரை எழுதினால் அதுதான் முதலில் வரும். கடைசியில் இருந்த பெயர் பாவ் லோர்.

பட்டியலை மூடினார். மூடினால் மட்டும் பெயர் போய்விடுமா என்ன.

பாவ் வருவதற்கு முன் கணக்கு ஆசிரியர் இடம் ஒன்று மூன்று வருடமாகக் காலியாகவே கிடந்தது. மாநிலத் தலைநகர் செயின்ட் பாலில் நடந்த ஆசிரியர் வேலைச் சந்தைக்கு எல்டன் ஐந்து மணி நேரம் காரோட்டிக்கொண்டு போனார். பக்கத்து மேஜையில் பெருநகரத்துப் பள்ளிகளின் பளபளக்கும் பதாகைகள். தன் மேஜையில் கையால் எழுதிய அட்டையும், வருகிறவர்களுக்குக் கொடுக்க ஊர் ஏரியில் விளைந்த காட்டரிசி நாலு பொட்டலமும். நாள் முழுக்க வந்து நின்றவர் ஒருவர்தான். பாவ். லாவோஸிலிருந்து வந்து குடியேறிய ஹமாங் குடும்பத்துப் பெண், இருபத்துமூன்று வயது. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "உங்க ஊர்ல எலுமிச்சைப்புல் கிடைக்குமா?"

"நாற்பது மைலுக்கு எந்தப் புல்லும் கிடைக்காது. ஏழு மாசம் பனி" என்றார் எல்டன்.

அந்தச் சந்தையில் பொய் சொல்லாத முதல் ஆள் இவர்தான் என்று நினைத்தாளாம். பின்னால் அவளே சொன்னாள். அவள் வந்து சேர்வதற்குள் எல்டன் மளிகைக் கடைக்காரரை நச்சரித்து எலுமிச்சைப்புல்லும் மீன் சாஸும் வரவழைத்திருந்தார். முதல் குளிரில் அவள் காரின் எஞ்சின் உறைந்துபோகாமலிருக்க, அதை ராத்திரி முழுக்க மின்சாரத்தில் சொருகி வைக்கக் கற்றுக்கொடுத்தார். வந்த முப்பதாவது நாள் உட்காரவைத்துத் தன் படிவத்தின் இரண்டு கேள்விகளைக் கேட்டார்: இங்கே இருக்க வைப்பது எது? கிளம்பத் தூண்டுவது எது? போகிறவர்களை வழியனுப்பும்போது கேட்பதைவிட, இருக்கிறவர்களை இருக்கும்போதே கேட்பதுதான் வியூகம் என்பது அவர் சித்தாந்தம். இந்த மூன்றாவது வருடத்தில் மறுபடி கேட்டபோது முதல் கேள்விக்கு அவள் எழுதிய பதில்: 'வீடு வாங்கியிருக்கிறேன்.'

அந்தத் தாளை அவர் சட்டம் போட்டு மாட்டாததுதான் பாக்கி.

பட்டியல் சங்கத்துக்கும் போயிற்று. வியாழக்கிழமை பாவ் கதவைத் தட்டினாள்.

"மிஸ்டர் ஹாகன், ஒரு நிமிஷம்."

"உட்காரு பாவ்."

"இல்ல, அடுத்த பீரியட் இருக்கு. பட்டியலைப் பார்த்தேன். கடைசிப் பேரு என்னுது."

"நான் இன்னும் கையெழுத்துப் போடல."

"போடத்தான் வேணும். வேற என்ன செய்வீங்க? எனக்குக் கோபமெல்லாம் இல்ல. கணக்கு டீச்சர்தானே, வரிசைன்னா என்னன்னு தெரியும்." அவள் கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஒரு சிபாரிசுக் கடிதம் மட்டும் சீக்கிரம் கொடுத்தீங்கன்னா நல்லா இருக்கும். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. மே மாசம் வராங்க. கொல்லையில எத்தனை பாத்தி போடணும்னு இப்பவே படம் வரைஞ்சு அனுப்பிட்டாங்க."

திட்டியிருந்தாலாவது திரும்ப ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அன்று மாலை எல்டன் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'இவரைப் போல ஓர் ஆசிரியர் கிடைப்பது அரிது' என்று எழுதினார். உண்மை. 'இவர் வந்த பிறகு உயர்கணிதம் எடுக்கும் பிள்ளைகள் இரண்டு மடங்காயிருக்கிறார்கள்.' அதுவும் உண்மை. 'இவரை விட்டுவிடுகிற மாவட்டம் முட்டாள் மாவட்டம்' என்பதை எழுதி, அடித்து, அதன்கீழ் யார் கையெழுத்து வரும் என்று பார்த்துவிட்டுத் தாளைக் கசக்கினார். இப்படியே ஆறு தாள் போயின. ஏழாவதைக் கசக்கும்போது ஆர்லிஸ் ஒரு கோப்போடு உள்ளே வந்தாள்.

"மரம் வெட்டித் தாள் பண்றாங்க தெரியும்ல?"

"எழுத வரல ஆர்லிஸ். நல்லவிதமா எழுத எழுத, அனுப்பக் கூடாதுன்னே வருது."

"அப்ப அனுப்பாதே." கோப்பை மேஜைமேல் போட்டாள். "திறன் பதிவேடு. போன வருஷம் ஒவ்வொருத்தர்கிட்டயும், உன்கிட்ட இருக்கிற மத்த திறமை என்ன, வேற உரிமம் என்னன்னு எழுதி வாங்கினியே, ஞாபகம் இருக்கா?"

"மறைந்திருக்கும் திறமைகளைக் கண்டறிதல். போன வருஷத் திட்டத்துல இரண்டாவது இலக்கு."

"நூத்திப்பதினேழு பேர் கொடுத்தாங்க. ஒருத்தர் கொடுக்கல. மூணு தடவை நினைவூட்டினேன்."

"யாரு அது, இவ்வளவு அலட்சியமா?"

ஆர்லிஸ் கண்ணாடிக்கு மேலாக அவரையே பார்த்தாள். எல்டனுக்கு விளங்க நேரம் பிடித்தது.

"அதனால உன்னுதை நானே நிரப்பிட்டேன்" என்றாள்.

எல்டன் கோப்பைத் திறந்தார். ஆர்லிஸின் சாய்ந்த கையெழுத்து: 'கணிதம், ஏழு முதல் பன்னிரண்டு. மரவேலை, ஐந்து முதல் எட்டு. உரிமம் நடப்பில் உள்ளது. பள்ளிப் பேருந்து ஓட்டுவார், சுமாராக. யாராவது பேசினால் கடைசிவரை கேட்பார்.'

கடைசி வரியை அவர் இரண்டு தரம் படித்தார். படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது, ஓரத்தில் எழுதியிருந்தாள்.

"மரவேலையா? அது நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ரெண்டே வருஷம். அந்த உரிமம் எப்பவோ செத்துப்போயிருக்கும்."

"அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் உன் கணக்கு உரிமத்தோட சேர்த்து அதையும் புதுப்பிச்சிட்டுத்தான் வரேன். நீ வேண்டாம்னு சொல்லல. எனக்கும் எதையும் தூக்கிப் போடற பழக்கம் இல்ல."

எல்டன் தன் இடது கட்டைவிரலைப் பார்த்தார். அதன் நகம் அந்த இரண்டாவது வருடத்திலிருந்தே கோணல். பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தார். நடுநிலைப் பள்ளி மரவேலை ஆசிரியர் தேவை. இருபத்தாறு மாதமாக அந்த அறிவிப்பு அங்கேயே தொங்கிப் பழுத்துவிட்டது. காலியாகக் கிடக்கும் இடம். போய் உட்கார்ந்தால் யாரும் எழுந்திருக்க வேண்டாம்.

'துடிப்பான சூழலில் இளம் கற்பனைகளுக்கு வடிவம் கொடுக்க அரிய வாய்ப்பு.' அவரே எழுதியது. ஜன்னலில்லாத அறை, ஒரு வகுப்புக்கு இருபத்தெட்டுப் பிள்ளைகள், உயிர் போகிற மூஸ் மான் மாதிரி அலறும் தூசி உறிஞ்சி ஒன்று. இதைத்தான் அப்படி எழுதியிருந்தார்.

"யாரு இதை நம்பி வருவாங்க?" என்றார்.

"எழுதினவனே வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள் ஆர்லிஸ்.

நேராகக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துவிடலாம் என்றுதான் ரெனேயும் நினைத்தார். ஆனால் தேர்வுக் குழு பேசாமல் எந்த இடத்தையும் நிரப்பக் கூடாது என்று விதி இருந்தது. விதியை எழுதியவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் மாதம் நூலகத்தில் குழு கூடியது. நடுநிலைப் பள்ளி முதல்வர் டேரல், ஓர் அறிவியல் ஆசிரியர், சமையலறையிலிருந்து மிர்னா. ஆசிரியரல்லாத ஒருவர் குழுவில் இருந்தே ஆக வேண்டும் என்பதும் எல்டனின் விதிதான். கேள்விகளை எழுத்து மாறாமல் வாசிக்க வேண்டும், எல்லோரையும் சமமாக நடத்தும் பொருட்டுக் கேட்பவர் சிரிக்கக் கூடாது என்பதும் அப்படியே. மிர்னாவின் கன்னம் இரண்டும் தெறிக்கிற மாதிரி இருந்தன.

"நாலாவது கேள்வி" என்று வாசித்தாள். "வேலையில நீங்க செஞ்ச ஒரு தப்பைச் சொல்லுங்க. அதுலேர்ந்து என்ன கத்துக்கிட்டீங்க?"

"பத்து மணிக் கேள்வி."

"அது தப்பான கேள்விங்கறீங்களா?"

"கேள்வி சரிதான் மிர்னா. மத்தவங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கணும். ஒன்பது வருஷம் முன்னாடியே."

மிர்னா குனிந்து எதையோ எழுதினாள். ஐந்துக்கு மூன்று புள்ளி ஆறு கிடைத்தது. "முதல் இடம் உங்களுக்குத்தான்" என்று கதவுவரை வந்து சொன்னார் டேரல். "வேற யாரும் விண்ணப்பிக்கல."

எல்டன் காருக்குப் போகவில்லை. கணக்கு வகுப்பு வாசலில் நின்று, பாவ் வெளியே வந்ததும், "அந்தக் கடிதம் என்னால எழுத முடியல, மன்னிச்சிடு. அம்மாவை வரச் சொல்லு" என்றார். அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். வராந்தா நிறையப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பரில் ஆர்லிஸ், ஜன்னல் வைத்த அவருடைய பழைய அறைக்குக் குடியேறினாள். மனிதவளத்தில் பாதியை அவளும் பாதியை ரெனேயும் பகிர்ந்துகொண்டார்கள். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று எல்லோரும் எல்டனைத் தேற்றினார்கள்.

புதிய இடத்துக்கு வருகிற எவருக்கும் ஒரு வழிகாட்டி வேண்டும். புதியவராக இருந்த நினைவு இன்னும் ஆறாத ஆளாக இருந்தால் நல்லது. எல்டனின் பழைய திட்டத்தில் அது மூன்றாவது இலக்கு. டேரல் நியமித்த வழிகாட்டி பாவ் லோர். முப்பதாவது நாள் அவள் படிவத்தையும் ஒரு தூக்குப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். மரத்தூள் படிந்த பெஞ்சைக் கையாலேயே தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா கொடுத்து அனுப்பினாங்க. ஒட்டுற அரிசிச் சோறு, பூசணிக்காய், மிளகாய்ச் சட்னி. எல்லாம் கொல்லையில விளைஞ்சது, அரிசியைத் தவிர. சட்னியைப் பார்த்துத் தொடுங்க. உங்க ஊர்க்காரங்களுக்கு மிளகே காரம்."

"எத்தனை பாத்தி?"

"பதினொண்ணு. பக்கத்து வீட்டுக்காரர் தன் இடத்துலயும் ரெண்டு போட்டுத் தரச் சொல்றார்." படிவத்தை விரித்தாள். "முதல் கேள்வி. சிரிக்கக் கூடாதாமே நான். இங்கே இருக்க வைப்பது எது?"

இந்தக் கேள்வியை எல்டன் நூறு பேரிடமாவது கேட்டிருப்பார். பதில் சொல்ல ஏன் எல்லோரும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது.

"போன வியாழக்கிழமை காய்ச்சல்ல படுத்துட்டேன்" என்றார். "வெள்ளிக்கிழமை உள்ளே நுழையறேன், ஆறாம் வகுப்பு டெஸ்ஸா இடுப்புல கை வச்சிக்கிட்டு நிக்கறா. 'நேத்து ஏன் வரல? என் குருவிக் கூட்டுப் பெட்டியை, ஒட்டறதுக்கு இறுக்கி வச்ச க்ளாம்ப்லேர்ந்து யாருமே எடுத்துத் தரல. அந்த மாத்து சாருக்கு க்ளாம்ப்னா என்னன்னே தெரியல'ன்னு ஒரே சண்டை."

"சரி."

"நான் வரலைங்கறது உனக்கு எத்தனை மணிக்குத் தெரிஞ்சுதுன்னு கேட்டேன்."

பாவ் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"எட்டேகாலுக்காம்" என்றார் எல்டன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். மரத்தூள்தான். அந்த அறையில் எப்போதும் மரத்தூள்.

பாவ் படிவத்தில் 'எட்டேகால்' என்று மட்டும் எழுதினாள்.

"முழு வாக்கியமா எழுதணும்" என்றார்.

"கட்டம் சின்னதா இருக்கு மிஸ்டர் ஹாகன். வரைஞ்சது நீங்க. இரண்டாவது கேள்வி: கிளம்பத் தூண்டுவது எது?"

அந்த நேரம் பார்த்துத் தூசி உறிஞ்சி தானாக உயிர்பெற்று அலற ஆரம்பித்தது. எல்டன் அதன் பக்கம் விரலைக் காட்டிவிட்டு, தூக்குப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார்.