சண்முகவடிவு கொண்டுபோன சட்டைத் துணுக்கு

சண்முகவடிவுக்குக் கைகள் கிளைகிளையாக இருந்தன. கல்லீரலில் காட்டுகிற வேலைக்கு அப்படிப்பட்டவர்களைத்தான் எடுப்பார்கள். நோய் எதிர்ப்புப் படையில் அந்தப் பதவியின் பெயர் கிளைச் செல். அந்நியன் எவனாவது உள்ளே வந்தால் அவன் சட்டையில் ஒரு துணுக்கைக் கிழித்து, நிணநீர்க் கணுவில் காத்திருக்கும் காவலர்களிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அடிதடி அவள் வேலை அல்ல.

அந்தக் கல்லீரல் அம்பாசமுத்திரத்துப் பட்டமுத்து என்பவருடையது. அவர் சாப்பிடும் சால்னா அங்கேதான் வந்து இறங்கும். சனிக்கிழமைகளில் வேறு சரக்கும் வரும். எல்லாவற்றுக்கும் பதறினால் அங்கே குடித்தனம் நடத்த முடியாது. ஆகவே கல்லீரல்காரர்கள் எதையும் பொறுத்துப் போவார்கள். அவர்கள் அதைப் பெருந்தன்மை என்பார்கள். எனக்கென்னவோ அது சுத்தச் சோம்பேறித்தனம்.

பட்டமுத்துவுக்குப் பச்சை குத்திய ஊசி வழியாகப் புதியவன் ஒருவன் வந்தான். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டான்.

"எம் பேரு ஹெபடைட்டிஸ் சி" என்றான்.

இனிஷியல் பெயருக்குப் பின்னால் வருகிறதே என்று யாருக்கும் உறைக்கவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டார்கள். மறுபடி பார்த்தபோது தெரு முழுக்க எல்லா வீட்டிலும் அவனே உட்கார்ந்திருந்தான். சில வீடுகளின் சுவர் தடித்துக்கொண்டே போய்க் கதவு காணாமல் போயிற்று. உள்ளே இருந்தவர்கள் புகார் செய்யவில்லை.

சண்முகவடிவு அவனிடம் போனாள்.

"சட்டையக் கொஞ்சம் காட்டுங்க."

"தாராளமா."

அவள் ஒரு கையால் அவன் சட்டைக் கையைக் கிழித்தாள். இன்னொரு கையால் காலரைக் கிழித்தாள். அவன் வாகாகக் குனிந்துகொடுத்தான். அப்படியே அவள் மடியிலிருந்த பதற்றத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகத்தில் கொடுத்த பதற்றம் அது. எலுமிச்சம்பழ அளவு இருக்கும்.

"இது ஒங்களுக்குப் பாரம்லா?"

"ஆமா" என்றாள். உண்மையிலேயே பாரமாகத்தான் இருந்தது.

கணுவுக்குப் போகும் வழி நடக்க நடக்க நீண்டது. அவள் நின்றால் அதுவும் நின்றது. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

கணுவில் காவலர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் உலகத்தில் ஒரே ஒரு துணுக்குதான் அடையாளம் தெரியும். ஒருவருக்கு அம்மை. ஒருவர் இன்னும் பிறக்காத கிருமி ஒன்றுக்காக மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். சண்முகவடிவு சட்டைக் கைத் துணுக்கைக் காட்டிக்கொண்டே போனாள். "நம்மளது இல்ல" என்றார்கள்.

ஆவுடையப்பன் மட்டும் பாதி எழுந்தார். கண் கலங்கிவிட்டது.

"இதான் தாயி. இதுக்குத்தான் என்னயப் பெத்துப் போட்டிருக்கு. ஆளு ரொம்ப மோசமோ?"

"மோசம்னு சொல்ல முடியாது அண்ணாச்சி. நல்லாத்தான் பேசுதான்."

"ஒங்களுக்குப் பயமா இல்லியா?"

துணுக்கைக் காட்டினால் மட்டும் போதாது. காட்டுகிறவருக்குப் பயம் இருக்க வேண்டும். அலுவலகத்தில் பதற்றம் கொடுத்தனுப்புவது அதற்காகத்தான். பயமில்லாமல் காட்டினால் அது வீட்டுப் பொருள் என்று கணக்கு. பார்த்த காவலர் பிறகு ஆயுளுக்கும் அதன்மேல் கை வைக்கமாட்டார். சண்முகவடிவுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லவும் கொஞ்சம் பயம் வேண்டியிருக்கிறதே.

"இல்ல" என்றாள்.

"அப்போ சரி."

அவர் துணுக்கை மடித்தார். கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தரையில் படுத்துத் தூங்கிவிட்டார்.

"அண்ணாச்சி?"

எல்லாக் கைகளாலும் உலுக்கினாள். அவர் எழுந்திருக்கவில்லை. பிறந்ததிலிருந்து இதற்காகவே காத்திருந்த மனுஷன். அவரைப் போய்த் தூங்க வைத்துவிட்டாள்.  அவளுக்குப் பயம் வந்தது. இது அலுவலகத்தில் கொடுத்தது அல்ல, அவளுடைய சொந்தப் பயம். எந்த மடியிலும் அடங்காது.

காலர் துணுக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே ஓடினாள்.

"பாருங்க! யாராச்சும் இதப் பாருங்க!"

"நம்மளது இல்ல."

"நம்மளது இல்ல."

கடைசி வரிசையில் இசக்கியம்மாள் என்ற காவல்காரி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"காலரு என்னோடது" என்றாள். "பயமா இருக்காக்கா?"

 சண்முகவடிவுக்குப் பல் தந்தியடித்தது. துணுக்கை ஒரு கையால் பிடிக்க முடியாமல் எல்லாக் கைகளாலும் பிடித்திருந்தாள்.

"போதும்" என்று இசக்கியம்மாள் எழுந்தாள். எழுந்தவள் இரண்டு பேரானாள். இரண்டு பேர் நான்கு பேரானார்கள். எல்லோருக்கும் ஒரே சேலை, ஒரே கோபம். கூடம் கொள்ளாமல் கல்லீரலை நோக்கி நடந்தார்கள். போகிற வழியில் தரையில் கிடந்தவரை யாரும் மிதிக்கவில்லை.

"இவரு வரலியா?" என்று ஓர் இசக்கியம்மாள் கேட்டாள்.

"வரமாட்டாரு" என்றாள் சண்முகவடிவு.

மிச்சமிருக்கிற கதவுகள் காணாமல் போவதற்குள் அவர்கள் போய்ச் சேர வேண்டும். அவன் இந்நேரம் வேறு சட்டைக்கு மாறிக்கொண்டிருக்கலாம். சண்முகவடிவால் கூடப் போக முடியாது. காட்டி முடித்தவர்கள் கணுவைவிட்டு வெளியே போவதில்லை. அவள் ஆவுடையப்பனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலடிச் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் கண்ணைத் திறக்காமல் முனகினார்.

"தாயி, என்ன சத்தம்? என் ஆளு வந்துட்டானா?"

"இல்ல அண்ணாச்சி" என்றாள் சண்முகவடிவு. "இன்னும் வரல. நீங்க தூங்குங்க."