சிரித்தால் மேடைக்குப் போகும்

வளன் எழுதி இயக்கும் நகைச்சுவை நாடகங்களுக்குக் காரைக்குடியில் நல்ல பெயர். எந்தக் காட்சியையும் முதலில் மனைவி யூஜினியாவிடம்தான் நடித்துக் காட்டுவார். அவள் சிரித்தால் மேடைக்குப் போகும். சிரிக்காவிட்டால் அடுப்புக்குப் போகும்.

அன்று அவளுடைய சேலையைத் தோளில் போட்டு, சோற்றுத் தூக்குவாளியோடு நின்றார். ஓடிப்போன மகனைத் தேடி ரயிலடிக்கு வரும் ஒரு தாய். எல்லோரும் இறங்கிப் போன பிறகு டிக்கெட் பரிசோதகரிடம் கேட்கிறாள்: "அங்குட்டு இன்னொரு பெட்டி நிக்கிதாய்யா?"

யூஜினியாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து ஓய்ந்த பிறகுதான், அந்தத் தாய் பேசியது தன் குரலில், கேட்டது தன் கேள்வி என்று புரிந்தது. மகன் சின்னராஜ் வீட்டை விட்டுப் போனதிலிருந்து, யாருக்கும் சொல்லாமல், சோற்றுத் தூக்குவாளியோடு சாயங்கால ரயிலுக்குப் போய் நிற்கிறாள். இது மேடையேறினால் அப்புறம் எந்த முகத்தோடு அங்கே நிற்பது?

"இத மட்டும் எடுத்துருங்களேன்."

"ஏன்டி? நீ இப்படிச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சு! திருவிழாவுல இதுதான் நிக்கும்."

ரயிலடியில் அந்தப் பெட்டிக் கேள்வியைப் பரிசோதகரிடம் அவள் மெதுவாகத்தான் கேட்பாள். அது காதில் விழ வேண்டுமென்றால், அவரும் பக்கத்தில் ஏதோ தூணுக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும். அவர் தோளிலிருந்த தன் சேலையை எடுத்து மடித்தாள்.

தூரத்தில் சாயங்கால ரயில் கூவியது. தூக்குவாளி இன்னும் அவர் கையிலேயே இருந்தது.