கோழிக்கால் வில்லை

மலையாண்டி கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். இருபத்தெட்டு வருஷமாகச் சோதனைக் குழாய் கழுவுகிறவர். கழுவுவதையே பிழைப்பாகக் கொண்ட மனுஷன், ஒரே ஒரு சாமானை மட்டும் கழுவவே கூடாது என்று ஊர் உலகத்துக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தார். அது வில்லை.

வில்லை என்றால் காசு இல்லை. அந்தக் காலத்து மண்டிக்காரர்களும் மில்காரர்களும் தங்கள் பேரெழுத்தைப் பொறித்துப் பித்தளையில் அடித்துக்கொண்ட டோக்கன். மூட்டை இறக்கினவனுக்கு ஒன்று, வேலைக்கு வந்த ஆளுக்கு ஒன்று என்று கொடுத்து வாங்குவார்கள். கடை மூடிய பிறகு அவை டிரங்குப் பெட்டி அடியிலும் சாமி மாடத்திலும் ஒதுங்கிவிட்டன. மலையாண்டி அப்படி நூற்று நாற்பது வில்லைகள் சேர்த்திருந்தார். எழுத்தைப் பார்த்து எந்த ஊர், எந்த வியாபாரி என்று அடையாளம் சொல்வதில் மாவட்டத்திலேயே இரண்டாவது ஆள் அவர்தான். முதல் ஆள் புதுக்கோட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ரகுநாத். இந்த ‘இரண்டாவது’ மலையாண்டிக்குத் தொண்டையில் மாட்டிய மீன்முள்.

வில்லை சேர்ப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் முதல் விதியை எழுதி வைத்தவரும் மலையாண்டிதான். ‘கழுவாதீர், தேய்க்காதீர். அழுக்கும் சரித்திரமே.’ யாராவது புளி போட்டுத் துலக்கிய வில்லையைப் படம் எடுத்துப் போட்டால், துக்கம் விசாரிப்பதுபோல் நாலு வரி எழுதுவார். பாதிப் பேர் அதற்குப் பயந்தே குழுவை விட்டுப் போனார்கள்.

பள்ளியில் சத்துணவு சமைக்கும் காத்தாயி ஒரு நாள் மதியம் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வில்லையை நீட்டினாள்.

“சார், ஒங்களுக்கு இந்தத் தகரமெல்லாம் புடிக்குமாமுல்ல. பழைய பொட்டிய ஒதறயில விழுந்துச்சு. பாத்துட்டுப் பத்திரமாக் குடுங்க.”

பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ‘சோ.வீ.’ தெரிந்தது. மூன்றாவது எழுத்து களிம்புக்குள் போய்விட்டது. மலையாண்டி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சோ.வீ. குடும்பத்தில் அண்ணன், தம்பி இரண்டு முந்திரி வியாபாரிகள். ‘ம’ என்றால் அண்ணன். அது ரகுநாத்திடமே நாலு இருக்கிறது. ‘க’ என்றால் தம்பி. அது யாரிடமும் இல்லை.

ஒரே ஓர் எழுத்து. அந்த ஓர் இடத்தை மட்டும் லேசாகத் தொட்டுப் பார்ப்போம் என்று புளியில் ஆரம்பித்தார். புளிக்கு அசையவில்லை. ஆய்வகத்தில் நீர்த்த அமிலம் இருந்தது. அதற்கும் மீந்தது உப்புத்தாளுக்குப் போயிற்று. ‘க’ வந்தது. மலையாண்டி தனியறையில் ஒரு குதி குதித்தார்.

குதித்து இறங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. முன்பக்கம் கல்யாணப் பெண் மாதிரி மின்னுகிறது, பின்பக்கம் கரிச்சட்டி. யார் பார்த்தாலும் தேய்த்தது தெரிந்துவிடும். விதி எழுதியவன் மானம் என்னாவது? பின்பக்கத்தையும் தேய்த்தார். அங்கே என்னவோ கீறல்கள் இருந்தன. அவையும் போயின. பிறகு இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, ‘சோ.வீ.க. வில்லை. கிடைத்தபோதே இந்த நிலையில் இருந்தது’ என்று குழுவில் போட்டார். முப்பத்தேழு பேர் கை தட்டினார்கள். ரகுநாத், ‘அபாரம் சார். ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சியில் இதற்குத் தனிப் பெட்டி’ என்று எழுதினார்.

அதைக் காத்தாயியிடம் சொல்லத்தான் வியாழக்கிழமை சமையல் கொட்டகைக்குப் போனார்.

“கண்ணாடிப் பெட்டியா! அப்ப முதுகுப் பக்கம் மேல இருக்கற மாதிரி வைங்க சார். கோழிக்கால் தெரியணும்.”

“என்ன கோழிக்கால்?”

காத்தாயி கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள். பதினாறு வயதில் அவள் அந்த முந்திரிக் கொட்டகையில் கொட்டை உடைத்தாள். காலையில் வந்ததும் ஆளுக்கொரு வில்லையை ஆணியில் மாட்ட வேண்டும். மாட்டினால்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. எல்லா வில்லையும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு நாள் கணக்கப்பிள்ளை, நீ வரவே இல்லை, தொங்குவது வேறு ஒருத்தியுடையது என்று சாதித்தான்.

“திருப்பிப் பாருங்கன்னேன். எழுதத் தெரியாதுல்ல, முன்னாடியே ஆணியால கோழிக்கால் கீறி வச்சிருந்தேன். அத்தன பேரு முன்னாடி திருப்புனான். மூஞ்சி செத்துப்போச்சு சார் அவனுக்கு.”

“ஓகோ.”

“எங்க தெரு அழகி அத நம்பவே மாட்டேங்கிறா. ‘நீயாவது, கணக்கப்பிள்ளைய எதுத்துப் பேசுறதாவது’ங்கிறா. கல்யாணம், காதுகுத்து, எங்க கண்டாலும் கொக் கொக்குன்னு கத்துறா. நாப்பது வருசமா! திருப்பூர்ல மக வீட்டுக்குப் போயிருக்கா, சனிக்கெழம வந்துருவா. ஞாயித்துக்கெழம கூட்டியாரேன். தெரியுதுல்ல சார், கோழிக்கால்?”

“தெரியுது, தெரியுது” என்றார் மலையாண்டி. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

சனிக்கிழமை காலை அவர் மனைவி புவனேஸ்வரி காப்பியோடு வந்தபோது, அவர் சன்னல் ஓரம் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக் கோழியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் காம்பஸ்.

“என்னங்க, கோழிய என்ன அப்படிப் பாக்குறீங்க? குழம்புக்கா?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கு ஏன் இப்படி வேர்க்குது?”

சொன்னார். புவனேஸ்வரி வில்லையைத் திருப்பிப் பார்த்தாள்.

“போய்ச் சொல்லிட்டு வாங்க. அந்தக்கா வையும். வாங்கிக்கிருங்க. வேறென்ன?”

சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை டீக்கடைவரை நியாயமான மனுஷனாகவே நடந்தார். அங்கே ஒரு டீ குடித்தார். பிறகு இன்னொன்று. திரும்பி வந்து கோழிக்கால் கீறினார். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. கோழிக்கே பொறாமை வரும்படி இருந்தது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவிப் பழசாக்கினார்.

கண்காட்சி புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பதினொரு மணி வாக்கில் காத்தாயி வந்தாள். கத்தரிப்பூ நிறத்தில் பட்டுச்சேலை. கூடவே அழகி, பஸ்ஸில் கசங்கிய மல்லிகைப்பூவும் சுருக்குப்பையுமாக.

“எங்கடி ஒன் கோழி?”

“பொறு. வந்துட்டல்ல, பாரு.”

காத்தாயி பெட்டிமேல் குனிந்தாள். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

“இது என்னுது இல்ல சார்.”

மலையாண்டி பெட்டிக்குள் விரலைக் காட்டினார். “கோழிக்கால் இருக்கேக்கா?”

“இருக்கு. ஆனா என்னுதுல நடு வெரலு கோணிக்கிட்டுப் போகும். கீறையில ஆணி வழுக்கிருச்சு. பின் வெரலே கெடையாது, எடம் பத்தல. இது ஆரோ வெவரமானவ போட்டது.” சற்று யோசித்தாள். “எங்கயோ மாறிப்போச்சு சார். எனக்குத் தெரியாம இன்னொருத்தியும் இதே அடையாளம் வச்சிருந்திருக்கா. பாவம், அவ இதத் தேடிக்கிட்டுக் கெடப்பா. பத்திரமா வைங்க, வந்து கேட்டா குடுத்துருங்க.”

இல்லாத ஒருத்திக்காக அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். எந்த ஊர்க்காரியாக இருக்கும் என்று பேர் பேராக யோசித்தாள். ராக்காயி தன் வில்லையில் ஏணி கீறியிருந்தாள், அவளாக இருக்காது. மலையாண்டி தரையைப் பார்த்தார். தப்பித்துப்போக வாசல் அகலமாகத் திறந்துதான் கிடந்தது. ‘மாறித்தான் போயிருக்கும், தேடிப் பாக்கறேங்க்கா’ என்று ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்ல வாயும் திறந்துவிட்டார்.

“அப்ப ஒன்னுது எங்கடி? பறந்து போயிருச்சா?” என்ற அழகி, கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டினாள். “கொக்... கொக்... கொக்.”

காத்தாயியும் சேர்ந்து சிரித்தாள். நாற்பது வருஷம் பழகிப்போன சிரிப்பு. மலையாண்டியால் அதைப் பார்க்க முடியவில்லை.

“கத்தாதீங்கக்கா. கோழிக்கால் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்.”

பக்கத்துப் பெட்டி அருகே நின்றிருந்த ரகுநாத் திரும்பினார். மலையாண்டி அவர் காதிலும் விழும்படியே சொன்னார்.

“அந்தக்கா சொல்ற மாதிரியேதான். ஒரு கோடு கோணலாப் போச்சு. ஆழமா இருந்துச்சு. மத்ததெல்லாம் போயும் அது போகல. அதுக்குன்னு தனியா ஒரு உப்புத்தாள் வாங்கியாந்து தேச்சேன். நான்தான் அழிச்சேன். இப்ப இருக்கறது நான் நேத்துக் கீறுனது.”

காத்தாயி வில்லையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

“ஏன் சார்?”

“ஒரு பக்கம் மட்டும் மின்னுனா நான் தேச்சது தெரிஞ்சிரும்னு...”

“அதுக்கா?”

அவ்வளவுதான் கேட்டாள். வைதிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை. இவ்வளவு பெரிய மனுஷனுக்கு இவ்வளவு சின்னக் காரணமா என்று அவருக்காக அவள் கூசியதுபோல் இருந்தது. மலையாண்டியின் காது மடல் இரண்டும் எரிந்தன.

“மன்னிச்சிருங்கக்கா.”

“அது கெடக்கட்டும். இப்பச் சொன்னீங்கள்ல, அத எழுதி வைங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. அழகி எழுத்துக் கூட்டிப் படிப்பா.”

ரகுநாத் பேனாவை நீட்டினார். முகத்தில் கேலி ஏதாவது இருக்கிறதா என்று மலையாண்டி ஆசையாகத் தேடினார். இருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். இல்லை. பெட்டிக்குள் இருந்த அட்டையில் வியாபாரியின் பேர் மட்டும் பெரிதாக இருந்தது. அதைத் திருப்பிப் போட்டு எழுதினார்.

அழகி அட்டையைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டு படித்தாள். “பின்... புறம்... காத்தாயி... கீறிய... கோழிக்கால்... இருந்தது. தேய்... த்து... அழித்தவர்... மலையாண்டி.” ஒரு தடவை போதாமல் இன்னொரு தடவையும் படித்தாள். பிறகு அட்டையைப் பெட்டிக்குள் நேராக நிறுத்தினாள்.

“ஏண்டி, திருப்பிப் பாத்துட்டு அந்தக் கணக்கப்பிள்ள என்ன சொன்னான்?”

“சொல்றேன் வா. அவன் மீசை துடிச்சுது பாரு...” காத்தாயி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். நாலு எட்டு போனவள் திரும்பினாள். “அஞ்சு மணிக்கு வந்து வில்லைய வாங்கிக்கிறேன் சார். அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணாம வச்சிருங்க.”

மண்டபத்தில் அன்று நல்ல கூட்டம். கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள், கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு குடும்பமே வந்தது. தனிப் பெட்டி என்பதால் எல்லாரும் முதலில் அதனிடம்தான் போனார்கள். குனிந்தார்கள், அட்டையைப் படித்தார்கள், நிமிர்ந்தார்கள். நிமிர்ந்ததும் அவர்கள் பார்வை, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவரின் சட்டையில் குத்தியிருந்த பேர் அட்டையில் வந்து நின்றது. முதல் இரண்டு பேருக்கு மலையாண்டி அதைக் கையால் மறைத்தார். மூன்றாவதாக வந்த அம்மாள், “இந்த மலையாண்டிங்கிறது யாருங்க?” என்று அவரிடமே கேட்டாள்.

கையை எடுத்தார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.