ஆறாவது பீப்

மதியம் பன்னிரண்டு ஆகப்போகிறது. மீன்துறையில் ஐஸ் அள்ளிக் காய்த்த கையில் நிறுத்துக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, கில்பர்ட் மட்ச் சமையலறை வானொலி முன் நின்றான். நேரம் காட்ட மணிக்கு மணி, விநாடிக்கு ஒன்றாக வரும் ஆறு பீப்பில் கடைசி பீப்புக்குத்தான் அவன் கடிகாரம் வைப்பது. அந்தியில் ரகசியச் செயற்கைக்கோள் எந்த நட்சத்திரத்தை எந்த விநாடியில் தாண்டுகிறது என்று பைனாகுலரில் பார்த்துக் குறிப்பான். இணையத்தில் அவனைப்போல முப்பது பேர் இருந்தார்கள்.

அவர்களில் ஹில்கே என்ற ஹாலந்துக்காரி, காணாமல்போன பழைய உளவுக்கோள் இந்த மாதம் தென்படும் என்று எட்டு மாதம் கணக்குப் போட்டுச் சொன்னாள். அத்தனை வடக்கே இருப்பவன் கில்பர்ட் ஒருவன்; அவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. ஆனால் அவன் குறிப்பில் தினமும் அவள் சொன்னதற்கு இரண்டு விநாடி முந்தியே வந்தது.

"இது பழசு இல்ல, யாருக்கும் தெரியாத புதுசு. உன் கணக்கை நண்டுக்குப் போடு" என்று எல்லோரும் பார்க்க எழுதிவிட்டான். பாதை தெரிந்த செயற்கைக்கோள் ஒன்றையும் குறித்துக் கடிகாரத்தைச் சரிபார்ப்பது அவர்கள் வழக்கம். புதுசு கிடைத்த வெறியில் அதை விட்டுவிட்டான். இன்று மாலை அந்த முப்பது பேரின் பட்டியலில் அது அவன் பேரில் ஏறப்போகிறது.

வாசலில் பக்கத்து வீட்டு டூகியின் மீன்வண்டி ரேடியோ அலறியது.

"டூகி, அந்த ஓட்டை ரேடியோவைக் குறைடா! எங்க ஆளு பீப்புக்குத் தவம் கிடக்கு" என்று கத்தினாள் மனைவி எஃபி.

"ஓட்டையா? உன் புது ரேடியோவுக்கு முன்னாடி இது பேசும் அக்கா!"

வண்டியில் ஆறாவது பீப் அடித்தது. சமையலறையில் அப்போதுதான் நான்காவது.

முதுகில் ஒரு கூடை ஐஸைக் கவிழ்த்தது போலிருந்தது கில்பர்ட்டுக்கு.

"எஃபி, இது எப்ப வாங்கின?"

"உன் பொறந்தநாளுக்கு. மாசம் ஒண்ணாச்சு. டிஜிட்டலு, பாட்டு சுத்தமா கேக்குதே!"

"பாட்டு சுத்தந்தான். டிஜிட்டல்ல மணிதான் ரெண்டு விநாடி பிந்தி வருது; என் கடிகாரமும் அவ்வளவு பின்தங்கிருச்சு."

ஹில்கேவுக்குப் போன் போட்டான்.

"நண்டு சாப்பிட்டுச்சான்னு கேக்கவா கூப்பிட்ட?"

"தப்பு என் கடிகாரத்துல ஹில்கே. நான் பாத்தது நீ சொன்ன பழசேதான். எல்லாருக்கும் எழுதிட்டுத்தான் கூப்பிடறேன்."



"கில்பர்ட், நேத்து அத்தனை கணக்குத் தாளையும் அடுப்புல போட்டேன். கம்ப்யூட்டர்லயும் அழிச்சிட்டேன்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவளே தொடர்ந்தாள்.

"மேல இருக்கறது அடுப்புல வேகாதே. நீ குறிச்ச நேரம் இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டு ரெண்டு விநாடி கூட்டிப் படி. ஒண்ணொண்ணா."

எஃபி நோட்டைப் பிரித்து அவன் முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"பதினெட்டு மணி, நாற்பத்தொரு நிமிஷம்..." என்று தொடங்கினான்.