பதினாறாம் நம்பர்த் தோட்டா

மேசைக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் துவக்கை மடித்துத் திறந்து, குழலுக்குள் அளவுகோல் விட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். செரீனா கடையில் வாங்கிவந்த தோட்டாக்கள் நீளம் கூடியவை. நூறு வருசத்துத் துவக்கு. போட்டுச் சுட்டால் குழல் பிளந்து முகத்தில் அடிக்கும் என்றார்.

செரீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா அன்புராசா செத்து மூன்று நாள். பின்னேரம் ஐந்து மணிக்கு உடலைப் பார்வைக்கு வைக்கிறார்கள். அதற்கிடையில் வீடு இருக்கும் மோர்னிங்சைட்டிலிருந்து இரண்டு மணித்தியாலம் வடக்கே, பழைய துவக்குக்காரர் கூடி, வானத்தில் எறியும் மண்தட்டுகளைச் சுடும் இந்த இடத்துக்கு அவள் ஓடிவந்தது ஒரேயொரு காரியத்துக்கு. உடைசலாக வாங்கிய துவக்கை இரண்டு வருசம் பேஸ்மென்றில் இருந்து திருத்திய மனுசன், அதில் ஒரு வெடிகூட வைக்காமல் போய்விட்டார். "எனக்கு ஏலாட்டி நீ கொண்டுபோய் ரெண்டு வெடி வை" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார். நச்சரித்து அவளையும் லைசென்ஸ் எடுக்கவைத்தவர் அவர்தான்.

அம்மா கிறிஸ்ரினா வேறு கட்சி. "ஊரிலை துவக்குக்குப் பயந்து இஞ்சை ஓடிவந்து, கடைசியிலை வீட்டுக்கை துவக்கு! திங்கக்கிழமை உது இஞ்சை இருக்கக்கூடாது" என்று வாங்க ஆளும் பிடித்தாயிற்று. இன்றைக்கு விட்டால் இல்லை.

கூட வந்த யோசப், அப்பாவின் கூட்டாளி, மேசை மேசையாகக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"எல்லாரிட்டையும் பன்ரெண்டாம் நம்பர்த் தோட்டாதான் பிள்ளை. அண்ணையின்ரை பதினாறாம் நம்பர். அதுவும் கட்டைத் தோட்டா." பிறகு நெற்றியைச் சொறிந்தார். "அவர் தன்ரை கையாலை மருந்தடைச்ச தோட்டா ரெண்டு இருந்ததே. சாம்பல் கோட்டுப் பொக்கற்றுக்கை வச்சவர்."

"உதை வெளிக்கிடேக்கை சொல்லியிருக்கலாமே, அங்கிள்!"

அம்மாவுக்குப் போன் அடித்தாள்.

"அந்தக் கோட்டை நேற்றே சவச்சாலையிலை குடுத்தாச்சு. அதுதானே அவருக்குப் போட்டிருக்கு."

"பொக்கற்றைப் பாத்தனீங்களோ?"

"கடைசியாப் போடுற கோட்டுக்கு ஆரடி பொக்கற் பாக்கிறது?"

தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அம்மாவில் கோபம், யோசப்பில் கோபம், எல்லாரையும்விட அப்பாவில். பேனை, கதவுத் திறப்பு, இனிப்பு எல்லாவற்றையும் அந்தப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டு வாழ்நாள் முழுக்க வீடெல்லாம் தேடித் திரிந்தவர்.

சுடும் முறை வந்து, அவள் பதிந்திருந்த அப்பாவின் பெயரைப் பாதி விழுங்கிக் கூப்பிட்டார்கள்.

"விடு பிள்ளை, போவம்" என்றார் யோசப்.

செரீனா கேட்கவில்லை. வெறுந் துவக்கைத் தோளில் வைத்துத் தட்டை விடச் சொன்னாள். செம்மஞ்சள் தட்டுகள் இரண்டு எழும்பின. குழலால் பின்தொடர்ந்தாள். இரண்டும் முழுசாகப் புல்லில் போய் விழுந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். இடைவேளையில் யோசப் போய் ஒரு தட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து நீட்டினார்.

சவச்சாலைக்கு வந்து சேர்ந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. அப்பா கிடந்த பெட்டிக்குப் பக்கத்தில் அம்மா மட்டும் நின்றார். செரீனா கோட்டுப் பொக்கற்றுக்குள் கைவிட்டாள். இரண்டு கட்டைத் தோட்டாக்கள், இரண்டிலும் அப்பாவின் கையெழுத்தில் '16'. எடுத்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டு அந்த இடத்தில் தட்டை வைத்தாள். பொக்கற் புடைத்தது.

"உது என்ன?"

"அப்பான்ரை தட்டு. உடையேல்லை."

அம்மா கைப்பையைப் பார்த்தார். வாசலில் சனம் சப்பாத்துச் சேறு தட்டும் சத்தம் கேட்டது.

"திங்கக்கிழமை வாறவனை அடுத்த மாசம் வரச்சொல்லு" என்றார்.

பிறகு குனிந்து, வெளியே தெரிந்த செம்மஞ்சள் விளிம்பு மறைய, பொக்கற்றின் மடலை இழுத்துவிட்டார். அது எட்டவில்லை. இன்னொரு தரம் இழுத்தார்.